காலமும் மூலதனமும்: புறூசெல்ஸ் நகரின் குடும்பப் பியர் ஆலை ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கைவினை என்னும் சொல் அண்மைக் காலத்தில் மேற்குலகச் சந்தையிற் பெற்றுள்ள மதிப்புக் கூர்ந்து நோக்கத்தக்கது. பாண், பாற்கட்டி, பியர் முதலாய அன்றாட நுகர்பொருள்கள் 'கைவினை' என்ற அடைமொழியோடு விற்கப்படும்பொழுது அவற்றின் விலை உயர்கின்றது. இயந்திர உற்பத்தியின் பெயரால் கைவினைஞனைச் சந்தையினின்றும் துரத்திய அதே சமுதாய அமைப்பு, இன்று அவன் பெயரையே விலைகூட்டும் முத்திரையாக்கிக் கொண்டிருக்கின்றது. இம்முரண்பாட்டின் அடிப்படையை அறிவதற்குப் பொதுப்படையான கூற்றுக்கள் போதா. குறித்த ஓர் உற்பத்தி நிலையத்தை எடுத்து, அங்கு என்ன செய்யப்படுகின்றது, எவ்வளவு காலத்திற் செய்யப்படுகின்றது, அதனை இன்றுவரை நிலைக்கச் செய்தது யாது என்று ஆராய்வதே பொருத்தமானது. பெல்ஜியத்தின் தலைநகராகிய புறூசெல்ஸில் இயங்கும் கன்ரியோன் பியர் ஆலையை அத்தகைய உதாரணமாக இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

இலக்கியத் துறையைச் சார்ந்த நாம் பியரைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் எம்முடைய கவனத்தை ஈர்த்தது மரபு என்னும் பிரச்சினையாகும். 1960-களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றி நிகழ்ந்த விவாதம், மரபென்பது யாருடையது, எந்நிலையில் அது பேணப்படுகின்றது ஆகிய வினாக்களை எழுப்பிற்று. மொழிக்கும் கவிதைக்கும் பொருந்தும் இவ்வினாக்கள் உணவுக்கும் குடிவகைக்கும் பொருந்துவன. அவற்றின் பொருளாதார அடித்தளம் பின்னவற்றில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது என்பதே வேறுபாடு.

1

கன்ரியோன் ஆலை 1900 ஆம் ஆண்டிற் பால் கன்ரியோன் என்பவராலும் அவர் மனைவி மரீ துறோக்கினாலும் புறூசெல்ஸின் அண்டர்லெக்ற் பகுதியிற் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அவர்கள் பியரைத் தாமே காய்ச்சவில்லை. பிற ஆலைகளிலிருந்து இளம் பியரை வாங்கித் தமது பீப்பாய்களில் முதிரவிட்டு, கலந்து, போத்தலில் அடைத்து விற்றனர். 1930-களின் இறுதியிலேயே, புதல்வர்களின் துணையோடு, பழைய ஆலையொன்றின் சாதனங்களை வாங்கித் தாமே காய்ச்சத் தொடங்கினர். இப்பொழுது நான்காம் தலைமுறையினர் அதனை நடத்துகின்றனர்.

இங்கு உற்பத்தியாகும் பியர் லாம்பிக் எனப்படும். புறூசெல்ஸ் நகரிலும் அதன் மேற்கே சென் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடுத்த கிராமங்களிலும் நெடுங்காலமாக வழங்கி வந்த வகை இது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முளைப்பிக்கப்பட்ட பார்லியும், மூன்றில் ஒரு பங்கு முளைப்பிக்கப்படாத கோதுமையும் சேர்த்து, பல படிகளில் வெந்நீர் ஊற்றித் தானியச்சாறு எடுக்கப்படுகின்றது. அதனுடன் ஹொப் பூக்கள் சேர்த்துப் பல மணிநேரம் கொதிக்க வைப்பர். ஏனைய பியர் ஆலைகள் நறுமணத்திற்காகப் புதிய ஹொப்பை நாட, இங்கோ மூன்றாண்டு வரை பழக வைத்து மணமும் கசப்பும் குன்றிய ஹொப்பையே பயன்படுத்துகின்றனர். வேண்டாத பற்றீரியாக்களைத் தடுக்கும் அதன் ஆற்றலே இவர்களுக்குத் தேவை.

பின் நிகழ்வதே லாம்பிக்கின் தனித்தன்மைக்குக் காரணம். கொதித்த சாறு கூரையின் கீழுள்ள மேல்தளத்துக்கு ஏற்றப்பட்டு, அகன்று ஆழமற்ற செப்புத் தொட்டியொன்றில் ஊற்றப்படுகின்றது. ஏறத்தாழ 7,500 லீற்றர் கொள்ளும் அத்தொட்டி திறந்தபடியே இரவு முழுவதும் விடப்படும். சாறு ஆறும்பொழுது காற்றிலும் கட்டடத்திலும் வாழும் மதுவங்களும் பற்றீரியாக்களும் அதிற் படிகின்றன. மறுநாள் காலையில் அது மரப்பீப்பாய்களுக்கு மாற்றப்படும். மனிதர் கையால் மதுவம் இடப்படுவதே இல்லை. இதனாலேயே இது தன்னியல்பான நொதித்தல் எனப்படுகின்றது. குளிர்ந்த இரவுகள் இன்றியமையாதன ஆகையால் ஒக்ரோபர் பிற்பகுதி முதல் ஏப்ரில் முற்பகுதி வரையான காலத்திலேயே காய்ச்சுதல் நடைபெறும்.

எமது வாசகர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. பனையின் பாளையிலிருந்து முட்டியில் வடியும் சாறும் மதுவமிடாமலே நொதித்துக் கள்ளாகின்றது. அந்நொதித்தலைத் தடுக்க வேண்டின் முட்டியிற் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்குவர். எனினும் இரண்டிற்கும் இடையே உள்ள காலவேறுபாடு பெரிது. கள் சில மணிநேரத்தில் ஆகி, ஓரிரு நாளிற் புளித்துக் கெடும். லாம்பிக்கோ பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருக்கும். முதல் வாரங்களிற் குடற்பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவை இயங்கி ஓய்கின்றன. அடுத்து வழமையான பியர் மதுவம் சர்க்கரையை மதுசாரமாக்குகின்றது. பின்னர் வரும் பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தைத் தோற்றுவித்துப் புளிப்பைத் தருகின்றன. இறுதியாக, பிறெற்றனோமைசிஸ் என்னும் மெதுவாக இயங்கும் மதுவம், எஞ்சிய கடினமான சர்க்கரைகளைச் சிதைத்து லாம்பிக்கிற்கே உரிய மணத்தை உண்டாக்குகின்றது.

முதிர்ந்த லாம்பிக் நுரையற்றது. புளித்த வைனை ஒத்தது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து போத்தலில் அடைக்கும்பொழுது, இளையதில் எஞ்சியிருக்கும் சர்க்கரை போத்தலினுள் மீண்டும் நொதித்து நுரையைத் தோற்றுவிக்கும். இது கெஸ் எனப்படும். எந்தப் பீப்பாயை எதனோடு எவ்வளவு கலப்பது என்பது சுவைத்து மட்டுமே தீர்மானிக்கப்படுவது. பீப்பாயிற் புளிப்புச் செரிப்பழங்களை இட்டு ஊறவைத்துப் பெறுவது கிறீக் ஆகும். ராஸ்பெரிப் பழமிட்டுச் செய்யப்படும் றோஸ் த கம்பிறினஸ் 1986 முதல் கன்ரியோனில் உற்பத்தியாகின்றது. கற்கண்டுச் சர்க்கரையிட்டு இனிப்பூட்டிய பாரோ ஒரு காலத்திற் புறூசெல்ஸ் உழைக்கும் மக்களின் அன்றாடக் குடிவகையாக விளங்கியது.

2

இம்முறையின் பொருளாதார உட்பொருளை விளங்கிக்கொள்ள மார்க்ஸின் 'மூலதனம்' இரண்டாம் பாகம் பெரிதும் துணைபுரிகின்றது. ஏங்கெல்ஸால் 1885 இல் வெளியிடப்பட்ட அப்பாகம் முதலாம் பாகம் அளவிற்கு எம்மவராற் பயிலப்படுவதில்லை. அதில் உழைப்புக் காலத்தையும் உற்பத்திக் காலத்தையும் மார்க்ஸ் வேறுபடுத்துகின்றார். ஒரு பொருள் உருவாகும் காலம் முழுவதும் அதன்மீது மனித உழைப்புச் செலுத்தப்படுவதில்லை. பிழிந்த திராட்சைச்சாறு நொதித்து முதிரவும், பதனிடும் தோல் ஊறவும் உழைப்பாளியின் கை விலகியிருக்க வேண்டும். அவ்விடைவெளியில் மூலதனம் உற்பத்தியில் முடங்கிக் கிடக்கின்றது. ஆயின் புதிய பெறுமதியோ உபரிப் பெறுமதியோ தோன்றுவதில்லை. எனவே அவ்விடைவெளியைச் சுருக்குவதற்கு மூலதனம் ஓயாது முயல்கின்றது.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். மாதமொருமுறை பியரை உற்பத்தி செய்து விற்று முடிக்கும் ஆலையில் இடப்பட்ட பணம் மூன்றாண்டில் 36 முறை சுழல்கின்றது. மூன்றாண்டுப் பீப்பாயில் இடப்பட்ட அதே அளவு பணம் ஒருமுறையே சுழல்கின்றது. அம்மூன்றாண்டில் மரத்தினூடாக ஆவியாகிப் பியரின் ஒரு பங்கு குறைகின்றது. சில பீப்பாய்கள் கெட்டும் போகலாம். இலாபமே நோக்காகக் கொண்ட எவரும் இத்தகைய உற்பத்தியைத் தெரிவு செய்யார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த விஞ்ஞான வளர்ச்சி இவ்விடைவெளியை உடைப்பதற்குரிய கருவிகளை அளித்தது. லூயி பாஸ்ரர் பியர் பற்றிய தமது ஆய்வுகளை 1876 இல் வெளியிட்டார். குளிரூட்டும் இயந்திரங்கள் 1870-களிற் பியர் ஆலைகளுட் புகுந்து, காய்ச்சுதலைப் பருவகாலத்தின் பிடியிலிருந்து விடுவித்தன. கொப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் 1883 இல் ஒரே கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அன்று முதல் நொதித்தல் கணிக்கக்கூடியதும் கட்டுப்படுத்தக்கூடியதும் ஆயிற்று. இது முற்போக்கான சாதனை என்பதில் ஐயமில்லை. நச்சுயிரியல், மருத்துவம், உணவுப் பாதுகாப்பு ஆகிய யாவும் இவ்வறிவினாற் பயனடைந்தன. ஆயினும் இவ்வறிவை மூலதனம் எதற்காகப் பயன்படுத்தியது என்பது வேறு வினா. எங்கும் ஒரே சுவையுடைய, சில வாரங்களில் விற்பனைக்குத் தயாராகும் பண்டமாகப் பியரை மாற்றுவதற்கே அது பயன்பட்டது.

பிறெற்றனோமைசிஸின் கதை இதற்குத் தக்க சான்று. கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளவுசன் 1904 இல் ஆங்கிலப் பியரில் இதனை இனங்கண்டு பெயரிட்டார். புறூசெல்ஸ் லாம்பிக்கில் இருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனத்துக்கு 1921 இல் அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. இதே மதுவம் தொழிற்றுறைப் பியர் ஆலைகளிலும் வைன் நிலவறைகளிலும் பொருளைக் கெடுக்கும் எதிரியாகக் கருதப்படுகின்றது. அதன் இயற்கை இரு இடத்தும் ஒன்றே. ஓரிடத்தில் அது குறையாகவும் ஈரிடத்துள் மற்றொன்றில் நிறைவாகவும் கொள்ளப்படுவதற்கு, உற்பத்தியின் நோக்கும் அதற்கு ஒதுக்கப்படும் காலமுமே காரணங்கள்.

3

1900 ஆம் ஆண்டளவிற் புறூசெல்ஸில் நூறளவான பியர் ஆலைகள் இயங்கின. இரு உலகப் போர்களின் தானியத் தட்டுப்பாடு, இனிப்பூட்டிய மென்பானங்களின் பரவல், வெளிறிய லாகர் பியரின் மேலாட்சி ஆகியன அவற்றை ஒவ்வொன்றாக மூடச் செய்தன. லாம்பிக் துறையினுள்ளேயே மூலதனக் குவிவு நிகழ்ந்தது. வான்டன்ஸ்ரொக் குடும்பத்தின் பெல்-வூ நிறுவனம் பல சிறு ஆலைகளைத் தன்னுட் சேர்த்துக்கொண்டு, வடிகட்டி இனிப்பூட்டிய கெஸ்ஸைப் பெருமளவிற் சந்தைப்படுத்தியது. பின்னர் அதுவும் விழுங்கப்பட்டது. ஆர்த்துவா, பியட்பெஃவ் என்னும் ஆலைகள் 1987 இல் இணைந்து தோன்றிய இன்ரர்புறூ, 1991 இற் பெல்-வூவைத் தன்வசப்படுத்தியது. இன்ரர்புறூ 2004 இற் பிறேசிலின் அம்பெவ்வுடனும், 2008 இல் அமெரிக்காவின் அன்ஹைசர்-புஷ்ஷுடனும் சேர்ந்து உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமாயிற்று. குடும்ப உடைமை என்பது தன்னளவில் மூலதனத்தின் தர்க்கத்துக்கு எதிரானதன்று என்பதைப் பெல்-வூவின் வரலாறு தெளிவுறுத்துகின்றது. அதுவும் ஒரு குடும்பத்தின் ஆலையாகவே வளர்ந்தது.

அவ்வாறாயின் கன்ரியோன் தப்பியது எங்ஙனம்? 1960-களின் பிற்பகுதியிற் குடும்பத்தின் மருமகனாக ஆலைக்கு வந்த ஜான்-பியேர் வான் றோய், விற்பனை வீழ்ச்சியுற்ற காலத்திலும் இனிப்பூட்டவோ முறையைக் குறுக்கவோ உடன்படாத நிலைப்பாட்டை மேற்கொண்டார். 1978 இல் ஆலையையே கெஸ் அருங்காட்சியகமாகத் திறந்தார். வேலை நடைபெறும் இடமே காட்சிப்பொருளாயிற்று. நுழைவுக் கட்டணமும் வந்தோர் வாங்கிச் சென்ற போத்தல்களும் ஆலையைத் தாங்கின. இதனை வெறும் விளம்பர உத்தி எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. சந்தையில் ஒரு பொருள் தன் உற்பத்தி வரலாற்றை மறைத்துக்கொண்டே தோன்றுகின்றது; யார் செய்தார், எவ்வாறு செய்தார் என்பது விலைச்சீட்டில் இராது. கன்ரியோன் அத்திரையை விலக்கிக் காட்டிற்று. பழத்தை நாடிவரும் ஈக்களைப் பிடிக்கும் சிலந்திகளையும் அவற்றின் வலைகளையும் அழிக்காது விட்டிருப்பதன் காரணம் வரை பார்வையாளர்க்கு விளக்கப்படுகின்றது.

எனினும் இவ்வெற்றியினுள்ளும் முரண்பாடு உண்டு. 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் லாம்பிக், கெஸ், கிறீக் ஆகியவற்றை மரபுவழிச் சிறப்புப் பொருள்களாகப் பதிவு செய்தது. கடந்த இரு தசாப்தங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகிய பியர் ஆர்வலர் கன்ரியோனை நாடலாயினர். கோரிக்கை உற்பத்தியை விஞ்சிற்று. ஆலையிற் சாதாரண விலைக்கு விற்கப்படும் போத்தல்கள் கைமாறும் சந்தையிற் பன்மடங்கு விலைபோகின்றன. இதனைக் கட்டுப்படுத்த ஆலை ஒருவர் வாங்கத்தக்க போத்தல்களுக்கு வரம்பு விதிக்க நேர்ந்தது. காலத்தைச் சுருக்க முடியாமையால் மூலதனம் கைவிட்ட பொருள், அதே காரணத்தால் அருமையுற்று, ஊகவணிகத்தின் பொருளாயிற்று. ஆலை அமைந்துள்ள தெற்குத் தொடருந்து நிலையச் சுற்றாடல் தொழிலாளரும் குடியேறியோரும் செறிந்து வாழும் வறிய பகுதி. அயலவர் அன்றாடம் அருந்திய குடிவகையைச் சேகரிப்பதற்கு இன்று கடல்கடந்து வருகின்றனர். மக்கள் மரபு ஒன்று பேணப்படும்பொழுது அம்மக்களிடமிருந்தே அது விலகிச் செல்லலாம் என்பதை நாம் மறத்தலாகாது. நாட்டார் பாடல்களுக்கும் கூத்துக்கும் நேர்ந்ததை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

4

குடும்ப ஆலை என்னும் வடிவம் பற்றியும் விமரிசன நோக்கு அவசியம். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் மரபாகவே இத்தகைய ஆலைகளின் வரலாறு பொதுவாக எழுதப்படுகின்றது. கன்ரியோனின் உண்மை வரலாறு அவ்வாறன்று. தொடக்கத்திலேயே மரீ துறோக்கின் பங்கு இருந்தது. மூன்றாம் தலைமுறையில் ஆலை வான் றோய் குடும்பத்திற்குச் சென்றதும் குளோட் கன்ரியோன் என்னும் மகள் வழியாகவே. ஆயினும் பியர் உலகம் நினைவுகூரும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையனவே. சிறு பண்ட உற்பத்தி நிலைத்து நிற்பதற்கு ஒரு காரணம், குடும்ப உறுப்பினரின் உழைப்பு முழுவதும் கூலிக்கணக்கில் எழுதப்படாமையாகும். இது ஒரு தனி ஆலையின் குறையன்று. அவ்வடிவத்துக்கே உரிய இயல்பு.

இன்னொரு மயக்கமும் தெளிவுபெற வேண்டும். லாம்பிக்கின் சிறப்பைச் சென் பள்ளத்தாக்கின் காற்றுக்கே உரித்தாக்கிப் பேசுவது நெடுநாள் வழக்கு. அண்மைய நுண்ணுயிரியல் ஆய்வுகளோ ஆலையின் கட்டடமும் மீண்டும் மீண்டும் பயன்படும் பீப்பாய்களின் உட்புறமும் நொதித்தலுக்குரிய உயிரிகளின் முக்கிய உறைவிடங்கள் எனக் காட்டுகின்றன. பீப்பாய்கள் தாமாகத் தோன்றியவையல்ல. அவற்றைத் தேர்ந்து, கழுவி, பழுதுபார்த்து, நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வந்த உழைப்பின் திரட்சியே அந்த நுண்ணுயிர்ச் செல்வம். இயற்கையின் கொடை எனப் போற்றப்படுவதன் பெரும்பகுதி இறந்தகால உழைப்பாகும். உழைப்பின் விளைவைப் பொருளின் மந்திர இயல்பாகக் காண்பதையே மார்க்ஸ் பண்ட மாயை என்றார்.

இயற்கைக்குப் பங்கில்லை என்பது எமது கருத்தன்று. 2015 நவம்பரில் இரவுகள் போதிய அளவு குளிராமையாற் கன்ரியோன் காய்ச்சுதலை இடைநிறுத்த நேர்ந்தது. புவி வெப்பமடைவதால் காய்ச்சும் பருவம் இரு முனையிலும் சுருங்குகின்றது. குளிரூட்டும் இயந்திரத்தை நாடின் லாம்பிக் தன் இயல்பை இழக்கும். மூன்றாண்டு காத்திருக்கும் உற்பத்தி முறையை, காத்திராத உற்பத்தி முறையின் கழிவுகள் அச்சுறுத்துகின்றன. தன் சுவருக்குள் எவ்வளவு உறுதியாக மரபைப் பேணினும், ஒரு குடும்பம் தனித்து நின்று தீர்க்கக்கூடிய பிரச்சினையன்று இது.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்பொழுது, கைவினை பற்றிய இரு வழமையான பார்வைகளும் போதாமை தெரியவரும். பழமையெல்லாம் மீளவேண்டும் என்னும் ஏக்கம், ஹன்சனின் விஞ்ஞானம் மக்களுக்கு ஈட்டித் தந்ததை மறக்கின்றது. சிறு உற்பத்தி யாவும் வரலாற்றின் எச்சம் என்னும் அவசரத் தீர்ப்பு, அதனுட் பொதிந்துள்ள அறிவைப் பெருநிறுவனத்தின் கையில் அழியவிடுகின்றது. நாம் பிரித்தறிய வேண்டியது உழைப்பின் அறிவையும் அதன் உடைமை வடிவத்தையும் ஆகும். எந்தப் பீப்பாய் முதிர்ந்தது என்பதை நாவால் அறியும் திறன் மனித இனத்தின் பொதுச்செல்வம்; அது ஒரு குடும்பத்தின் உடைமையாக எஞ்சியிருப்பது, வேறெந்த நிறுவனமும் அதற்குரிய காலத்தை வழங்க முன்வராமையாலேயே.

எமது மண்ணிலும் இவ்வினா உயிருள்ளது. யாழ்ப்பாணத்திற் சீவல் தொழிலாளர் சாதியத்தின் பெயரால் நெடுங்காலம் இழிவுபடுத்தப்பட்டனர். அவர்களின் அறிவு அறிவாகவே ஏற்கப்படவில்லை. 1970-களின் தொடக்கத்திலிருந்து உருவான கூட்டுறவுச் சங்கங்கள் குடும்பமும் பெருநிறுவனமும் அல்லாத மூன்றாவது உடைமை வடிவத்தை அத்தொழிலுக்கு அளித்தன. அவற்றின் நிறைகுறைகள் தனியே ஆராயத்தக்கன. புறூசெல்ஸின் மேற்தளத்திலுள்ள செப்புத் தொட்டியும் பனையிற் தொங்கும் முட்டியும் எழுப்பும் வினா ஒன்றே: உழைப்பாளியின் அறிவு முதிர்வதற்கு வேண்டிய காலத்தை எந்தச் சமுதாய அமைப்பு, யாருடைய நன்மைக்காக, வழங்கப் போகின்றது? கைவினை என்னும் முத்திரையை விலைகொடுத்து வாங்குவோரும் அதனை விற்போரும் இவ்வினாவைத் தவிர்க்கலாம். மரபைப் பற்றிப் பேசும் ஆய்வாளர் தவிர்த்தலாகாது.